ராய்ஸ் ஹக்கபி, லைப்ரேரியன்

லாஸ்ட் மியூல், அரிசோனா
நவம்பர் 23

பெருமதிப்பிற்குரிய ஓலீட்டா அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் டெல்ஃபின் ஹக்கபி பணிவோடு எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கே அப்பா, நான், உங்கள் ஒன்பது கோழிகள் எல்லோரும் சுகம். அம்மா வழக்கம்போல லாரி ஓட்டப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வருவார், அவரும் சுகம். அங்கே டூசான் ஆஸ்பத்திரியில் உங்களுடைய புதிய வலது முழங்காலும் பழைய இடது முழங்காலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். கோழிகளில் அந்தக் கறுப்பு மட்டும் இன்னும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நிற்க. போன வியாழக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது அப்பா, "ஜெயிச்சுட்டேன்க்கா, அதனாலதான் லைப்ரரிய மூட முடியாமப் போச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பம்பு வேலை இருக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்த நிமிடம் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பன் சொன்னதுல தலையும் புரியல வாலும் புரியல, நீ படிக்கற பொண்ணு, ஆரம்பத்துலேருந்து ஒழுங்கா எழுது" என்றீர்கள். எனக்கும் முழுதாகப் புரியவில்லை, அத்தை. எழுதினால் புரிந்துவிடும் என்று எங்கள் குடிமையியல் ஆசிரியை மிஸ் சோஸி சொல்வார். அதை நம்பித்தான் எழுதுகிறேன். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் நூலக வாரியத்தில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்காருபவர் கையில்தான் நூலகத்தின் சாவி, அவர்தான் புத்தகம் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவர்தான் ஊரின் நூலக வரி தொடரட்டுமா நிற்கட்டுமா என்று வருடக் கடைசியில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினாறு வருடமாக மிஸஸ் அப்போடாக்கா அதில் உட்கார்ந்திருந்தார். எதிர்த்து நிற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்த வருடம் அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. "ஜெயிச்ச அன்னிக்கே கதவுல பூட்டு, மறுநாள் வரி கிடையாது, அதுக்கு மறுநாள் நாற்காலியே கிடையாது" என்று சொல்லி, ஒரு புதுப் பூட்டையும் முன்கூட்டியே வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டார். வரி நின்றால் டிசம்பர் கடைசியில் கவுன்ட்டி நிர்வாகத்துக்காரர்கள் வந்து, நூலகம் இருக்கும் அந்தச் சக்கர ட்ரெய்லரைக் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த நூலகம் தொண்ணூறு மைல். எனக்குப் பதின்மூன்று வயது, ஓட்டும் கிடையாது, ஓட்டுநர் உரிமமும் கிடையாது. நான் 'எம்' வரிசை வரைக்கும்தான் படித்திருக்கிறேன், அத்தை.

அப்பா கெட்டவர் இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் லிபர்டேரியன், அவ்வளவுதான். "லிபர்டேரியன்னா ரொம்ப சுலபம் டெல்ஃபி. உன் வேலிக்குள்ள நீ, என் வேலிக்குள்ள நான். நடுவுல எவனும் ரசீது புத்தகத்தோட வரக்கூடாது" என்பார். எனக்குப் புரியாதது வேறு. அவர் தினமும் மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அந்த நூலகத்தில்தான், ஏர் கூலருக்கு நேர் கீழே, செய்தித்தாளை முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்குவார். "மூடிட்டா மத்தியானம் எங்கப்பா தூங்குவீங்க?" என்று கேட்டேன். "கொள்கை வேற, கூலர் வேற" என்றார்.

இதே சமயத்தில்தான் மிஸ் சோஸி எனக்கு 'நமது ஊர் வாக்களிக்கும் விதம்' என்று ஒரு ஆய்வு கொடுத்தார். பழைய தேர்தல் முடிவுகளை எல்லாம் நகல் எடுத்துக் கொடுத்து, "இதுல ஒரு பாட்டர்ன் இருக்கும், கண்டுபிடி" என்றார். நான் நான்கு ஞாயிறு அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் ஊர் ஆட்கள் கவர்னருக்கு ஒரு கட்சி, ஷெரீஃபுக்கு அதற்கு நேர் எதிர்க் கட்சி. கஞ்சாவுக்கு ஆம், துப்பாக்கிக்கு ஆம், யார் யாரைக் கல்யாணம் செய்தாலும் ஆம், வரிக்கு இல்லை, சாலைக்கு மட்டும் ஆம், அதுவும் அவரவர் வீட்டு வாசல் வரைக்கும். ஒரு வருடம் கவுன்ட்டிப் பொருளாளர் பதவிக்குப் பத்தொன்பது பேர் வேட்பாளர்களை எல்லாம் விட்டுவிட்டு மிஸ்டர் ஸ்டுபக்கின் நாயின் பெயரைக் கையால் எழுதிப் போட்டிருக்கிறார்கள். கோடைக்கு ஒரு மணி முன்னால், குளிருக்கு ஒரு மணி பின்னால் என்று வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் மற்ற மாநிலங்களைத் திட்டும்போது மட்டும்தான் எல்லோரும் ஒரே கட்சி. சரி, நேரில் கேட்டுவிடலாம் என்று நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாக்காளர்கள் எண்பத்து மூன்று பேரிடமும் போனேன். முதலில் போனது மிஸ்டர் ஸ்டுபக் வீட்டுக்கு. வாசலில் 'உள்ளே வராதே' என்று ஐந்து பலகை இருப்பதால் கேட்டுக்கு வெளியிலிருந்தே கூப்பிட்டேன்.

"யாரது?"

"டெல்ஃபின், மிஸ்டர் ஸ்டுபக். பம்பு ராய்ஸ் பொண்ணு. நீங்க எப்படி ஓட்டுப் போடுவீங்கன்னு பள்ளிக்கூடத்துக்காக..."

"ரகசியமாப் போடுவேன்னு எழுதிக்க."

"ஏன்னு கேட்டுக்கலாமா?"

"கேட்டுக்கோ. கேக்கறது உன் உரிமை. பதில் சொல்லாம இருக்கறது என் உரிமை. உங்கப்பன் இதைச் சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருந்தார். அப்பாவிடமே கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. கடைசியில் வட்டப் படம் வரைந்தபோது, எண்பத்து மூன்றில் அறுபத்தொரு பேர் 'பதில் சொல்ல மறுத்தவர்கள்' என்ற ஒரே துண்டில் அடங்கிவிட்டார்கள். மிஸ் சோஸி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பாட்டர்ன் இல்ல டெல்ஃபின், கதவைச் சாத்தற சத்தம்" என்றார். இருந்தாலும் உழைப்புக்காக 'பி' போட்டார்.

இனிதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் வருகிறது. அப்பா தேர்தலுக்குப் பன்னிரண்டு தகரப் போர்டு செய்யக் கொடுத்தார். போர்டு எழுதுகிறவர் கடைக்குப் போகும் வழி முழுக்க அந்த வரிவரியான மண் ரோடு. வண்டி குதிக்கக் குதிக்க அப்பா சொல்லச் சொல்ல நான் மடியில் காகிதத்தை வைத்து எழுதினேன். 'ராய்ஸ் ஹக்கபி' என்று பெரிய எழுத்தில், அதற்குக் கீழே 'லிபர்டேரியன்' என்று அதைவிடப் பெரிய எழுத்தில். அப்படித்தான் அவர் சொன்னார். நான் எழுதியது 'லைப்ரேரியன்'. வாரத்தில் பத்து முறை புத்தகச் சீட்டில் 'லைப்ரேரியன் கையெழுத்து' என்ற இடத்தைப் பார்க்கிற பெண் நான். பழக்கத்தில் கை எழுதிவிட்டதா, இல்லை, எனக்குள் இருக்கும் யாரோ எழுதிவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்பா படிக்காமலேயே கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போர்டுகள் வந்த அன்று ஊர் வளைவுகளில் எல்லாம் அவரே குழி தோண்டி நட்டார். அவர் கண்ணாடி போட்டுக்கொள்வது பம்பு மோட்டாரைப் பிரிக்கும்போது மட்டும்தான். நீளமான சொல், 'எல்' என்ற எழுத்தில் தொடங்குகிறது, 'யன்' என்று முடிகிறது, அவருக்கு அது போதும்.

நான் சொல்ல முயற்சிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மூன்று முறை முயன்றேன். முதல் முறை, "அப்பா, அந்த போர்டுல..." என்றதும், "போர்டு பெருசா இருக்குன்னு கவுன்ட்டிலேருந்து எவனாவது சொன்னானா? என் தகரம், என் பெயிண்ட்டு" என்று ஆரம்பித்தார், இரவுச் சாப்பாடு முடியும் வரை நிறுத்தவில்லை. இரண்டாம் முறை, "எழுத்து..." என்றேன். "எழுத்துச் சுதந்திரம் சட்டத்துல முதல் திருத்தம்" என்றார். மூன்றாம் முறை நேராகவே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். "என் போர்டைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம் டெல்ஃபி, ஒரு மனுஷனுக்குன்னு இருக்கறதே அதுதான்" என்றார். முகம் அப்படியே சிவந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாருமே சொல்லவில்லை. பெட்ரோல் பங்க்கில் காபி ஊற்றும் வில்லாடீனிடம், "நீங்களாவது போர்டைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்தேனே கண்ணு. இத்தனை வருஷம் கழிச்சு ராய்ஸுக்குப் புத்தி வந்திருக்கு. மூடறேன் மூடறேன்னு குதிச்சவன் இப்ப லைப்ரேரியனாவே நிக்கறான். என் ஓட்டு அவனுக்குத்தான்."

"ஒருவேளை அது தப்பா எழுதினதா இருந்தா?"

"இருந்தா எனக்கென்ன? அவன் நிலம், அவன் தகரம். அடுத்தவன் போர்டுல எழுத்துப்பிழை பாக்கறது எங்க வீட்டுல பழக்கமில்ல."

மிஸஸ் அப்போடாக்கா போர்டு எதுவும் புதிதாகச் செய்யவில்லை. நூலகச் சுவரில் தொங்கிய 'அமைதி தேவை' பலகைகள் ஆறையும் கழற்றி, கீழே சுண்ணாம்புக்கட்டியால் தன் பெயரை எழுதி, ரோட்டோரம் ஊன்றிவிட்டார். மிஸ்டர் ஸ்டுபக் தன் கேட்டுக்கு எதிரில் இருந்த பலகையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நானே கண்டேன். "பாத்தியா, இது கொள்கை. அமைதி தேவை. சத்தம் போடாத அரசாங்கம். உங்கப்பன் என்னடான்னா இன்னொரு சர்க்கார் உத்தியோகத்துக்கு நிக்கறான், வெக்கமா இல்ல?" என்றார். ஆக, வரியே கூடாது என்றவர்கள் எல்லோரும் மிஸஸ் அப்போடாக்கா பக்கம், நூலகம் வேண்டும் என்றவர்கள் எல்லோரும் அப்பா பக்கம். என் நோட்டில் அம்புக்குறி போட்டுப் போட்டு, கடைசியில் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டேன்.

உங்கள் ஓட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அத்தை. டூசானுக்குப் புறப்பட்ட அன்று கார் ஜன்னல் வழியாக இரண்டு உறைகளை நீட்டி, "ஒண்ணு என் ஓட்டு, தேர்தலுக்கு முந்தியே போடலாம், பெட்டியில போட்டுடு, இன்னொண்ணு கோழித்தீவனக் கூப்பன், நீ வச்சுக்க" என்றீர்கள் அல்லவா? அன்றைக்கே நூலக வாசலில் இருக்கும் ஓட்டுப்பெட்டியில் என் கையாலேயே போட்டுவிட்டேன். அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது மிக முக்கியமான அத்தியாயம் என்றாலும், அதை நடந்துகொண்டே படித்துத்தான் போட்டேன்.

தேர்தல் முடிந்து பத்தாவது நாள் கவுன்ட்டி அலுவலர் ஒருவர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார். ஊரே நூலக ட்ரெய்லருக்குள் கூடியது. ராய்ஸ் ஹக்கபி நாற்பத்தொன்று, கொன்சுவேலோ அப்போடாக்கா நாற்பத்தொன்று என்று அவர் வாசித்தார். வாக்காளர்கள் எண்பத்து மூன்று, விழுந்த ஓட்டு எண்பத்திரண்டு. போடாத அந்த ஒருவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான், ஆனால் அதைக் கேட்பது நம் ஊரில் நாகரிகம் இல்லையாதலால் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள். "பெட்டியில ஒரு கோழித்தீவனக் கூப்பனும் இருந்தது, அதை எண்ணிக்கையில சேர்க்கல" என்றார் அலுவலர். "கோழிங்களும் ஓட்டுப் போட ஆரம்பிச்சாச்சா" என்றார் மிஸ்டர் ஸ்டுபக். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சமமாக வந்தால் சீட்டு எடுத்து முடிவு செய்ய வேண்டும் என்பது முறை. பெரிய சீட்டு யாருக்கு வருகிறதோ அவருக்கு நாற்காலி. அலுவலர் எல்லாப் படிவமும் கொண்டுவந்திருந்தார், சீட்டுக்கட்டை மட்டும் மறந்துவிட்டார். அப்பா வண்டியிலிருந்து தன் கட்டை எடுத்துவந்தார். மிஸஸ் அப்போடாக்கா, "எண்ணிப் பாத்துடலாம் ராய்ஸ், தப்பா நினைக்காதீங்க" என்று எண்ணினார். ஐம்பத்தொன்று. அப்பா முகம் கறுத்தது. "நான் ஏமாத்தறவன்னு சொல்றீங்களா?" என்றார். மிஸஸ் அப்போடாக்கா அவரைப் பார்க்கவே இல்லை, நேராக என்னைப் பார்த்தார். "டெல்ஃபின், எந்தப் புத்தகத்துல இருக்கு?"

எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. அவருக்கு என்னைப் பற்றித் தெரியும். பக்க அடையாளத்துக்கு என் கைக்கு எது கிடைத்தாலும் வைத்துவிடுவேன். ஒருமுறை ஒரு காய்ந்த டோர்ட்டியா ரொட்டியை வைத்துத் திருப்பிக் கொடுத்து, பூகோளப் புத்தகத்தில் எறும்பு வந்துவிட்டது. நான் ஓடிப்போய் எரிமலைகள் பற்றிய தடிப் புத்தகத்திலிருந்து ஆட்டின் ராணியை எடுத்துவந்தேன். இரண்டு மாதம் உள்ளே இருந்ததில் ராணி நடுவில் வளைந்து, ஓரமும் மடங்கிவிட்டாள். அலுவலர் கலைத்து, கட்டை விசிறி மாதிரி மேசையில் பரப்பினார். நடுவில் ராணி மட்டும் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அத்தை. கதவு ஓரத்தில் நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்தது.

முதலில் அப்பா எடுக்க வேண்டும். அவர் கை ராணிக்கு நேராகப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஜெயிக்கட்டும் என்றா ஜெயிக்கக் கூடாது என்றா என்று எனக்கே தெரியாமல். திறந்தபோது அப்பா ராணியைத் தாண்டிக் கடைசி ஓரத்திலிருந்து ஒன்றை உருவியிருந்தார். கிளாவர் நாலு. கூட்டத்தில் யாரோ, "போச்சு" என்றார்கள். பிறகு மிஸஸ் அப்போடாக்கா. ராணி இன்னும் அங்கேதான் கூனிக்கொண்டிருந்தாள், எடுத்தால் நாற்காலி அவருக்குத்தான். அவர் ராணியை ஒரு பார்வை பார்த்தார், அப்பாவை ஒரு பார்வை பார்த்தார், முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி தன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபக்கத்து ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்தார். டைமண்ட் ரெண்டு.

அப்பா நாலை வைத்து ஜெயித்தார். அவராலேயே நம்ப முடியவில்லை. அலுவலர் படிவத்தை எடுத்து, "பெயர் ராய்ஸ் ஹக்கபி. போர்டுல இருக்கற மாதிரியே எழுதிடறேன், லைப்ரேரியன்" என்றார்.

"லிபர்டேரியன்" என்றார் அப்பா.

"வழியில பன்னிரண்டு இடத்துல பாத்தேன் சார். லைப்ரேரியன்னுதான் இருக்கு."

அப்பா சட்டைப் பையிலிருந்து பம்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ட்ரெய்லருக்கு எதிரிலேயே ஒரு போர்டு இருந்தது. அதன் முன்னால் நின்றார். ஊர் மொத்தமும் பின்னால் வந்து நின்றது. 

"என்ன பாக்கற ராய்ஸ்?" என்றார் மிஸ்டர் ஸ்டுபக்.

"படிக்கறேன்." பிறகு திரும்பி, "ஆறு வாரமா இது இங்க நிக்குது. ஒருத்தர்கூடவா எனக்குச் சொல்லல?" என்றார்.

"உன் போர்டு. நாங்க எதுக்கு மூக்கை நுழைக்கணும்?"

 அப்பா கண்ணாடியைக் கழற்றி, "நியாயம்" என்றார்.

வண்டியிலிருந்து அந்தப் புதுப் பூட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வில்லாடீன் ஏப்ரனோடு முன்னால் வந்து, "நான் அந்தப் போர்டை நம்பித்தான் போட்டேன் ராய்ஸ். இப்ப பூட்டிடுவியா?" என்று கேட்டார். அப்பா பூட்டைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், அவர் உதடு அசைந்தது. கணக்குப் போடும்போது அப்படித்தான் அசையும். பிறகு சொன்னார்: "போர்டு வச்சவன் நான். அதைப் பாத்து ஓட்டுக் குடுத்தவங்க நீங்க. யாரும் யார் கையையும் முறுக்கல. இதுக்குப் பேர் ஒப்பந்தம். கட்சி, வரி, எல்லாத்துக்கும் முந்தினது அது. அதை மீறினா நான் லிபர்டேரியனே இல்ல, வெறும் திருடன்." பூட்டை வண்டிக்குள் தூக்கிப் போட்டார். "லைப்ரேரியன்னா லைப்ரேரியன். சாவியக் குடுங்கம்மா."

"அப்ப என் கதி? அமைதி தேவைன்னு எழுதினதை நம்பி நான் இந்தம்மாவுக்குப் போட்டேன்" என்றார் மிஸ்டர் ஸ்டுபக். மிஸஸ் அப்போடாக்கா சாவியை அப்பாவிடம் கொடுத்துக்கொண்டே, "அமைதி வேணும்னா உள்ள வந்து உக்காருங்க. பதினாறு வருஷமா அங்கதான் இருக்கு" என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை எழுதியது போர்டுக்காரர் இல்லை, நான்தான் என்று. அப்பா வண்டியை மெதுவாக்கினார். பிறகு, "தெரிஞ்சு எழுதினியா, தெரியாம எழுதினியா?" என்று கேட்டார். "தெரியலப்பா" என்றேன். அவர் கியரை மாற்றினார். "எழுதினது நீ. படிக்காம கையெழுத்துப் போட்டது நான். இனிமே படிச்சுட்டுப் போடறேன்" என்றார். அவ்வளவுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், மண் கண்ணில் விழுந்துவிட்டது.

இப்போது நூலகம் நடக்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். வரி தொடரட்டும் என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதும்போது பல்வலிக்காரர் மாதிரி முகத்தைப் பிடித்துக்கொண்டார். தாமதத்துக்கு அபராதம் கிடையாது, அது பலவந்தமாம். அதைக் கேள்விப்பட்டு ஜனங்கள் பதினோரு வருடத்துக்கு முன் எடுத்த புத்தகங்களை எல்லாம் கொண்டுவந்து போடுகிறார்கள். திருப்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் அப்பா முதுகைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு மூன்று உதறு உதறுகிறார். பம்பில் மணல் இருக்கிறதா என்று பார்த்த பழக்கம். பூட்டு, காகிதம் பறக்காமலிருக்க மேசையில் இருக்கிறது. மிஸஸ் அப்போடாக்கா தினமும் வந்து அடுக்கியது சரியில்லை என்று சண்டை போட்டுவிட்டு, போகும்போது இரண்டு புத்தகம் எடுத்துப் போகிறார். எல்லாவற்றையும்விட ஆச்சரியம், மத்தியானம் அப்பா தூங்குவதில்லை. குழாயை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டு வருவதைப்போல 'ஏ' வரிசையில் முதல் புத்தகத்திலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறார். இப்போது ஏதோ ஒரு கப்பல் கதை. நேற்று சாப்பிடும்போது, "அந்தச் சமையல்காரன் தப்பிச்சுருவானா? இல்ல, சொல்லாத, சொல்லாத" என்றார். கடலையே பார்த்திராத மனிதர், அத்தை.

இதுதான் நடந்தது. எழுதி முடித்த பிறகும் நம் ஊர் எப்படி வாக்களிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் முடிவு நல்லதாகிவிட்டது என்று மட்டும் புரிகிறது. உங்கள் முழங்கால்கள் இரண்டும் சமாதானமாகி, நீங்கள் சீக்கிரமே உங்கள் கோழிகளிடம் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பக்கத்துக் கட்டிலில் பாட்டுப் பாடும் அந்த அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி மகள்,
டெல்ஃபின் ஹக்கபி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு இதை எழுதுகிறேன். சற்றுமுன், தேர்தலுக்கு முன்னால் எடுத்திருந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அப்பா வழக்கம்போல மூன்று உதறு உதறினார். மூன்றாவது உதறலில் ஒரு உறை விழுந்தது. ஒட்டியிருந்தது. மேலே உங்கள் கையெழுத்து. பெட்டியில் நான் போட்டது கோழித்தீவனக் கூப்பன், அத்தை. மேலே 'என் கையாலேயே' என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். நாற்பத்தொன்றும் நாற்பத்தொன்றும் சமமே இல்லை. சீட்டே எடுத்திருக்க வேண்டாம்.

அப்பா உறையை மேசையில் வைத்து அதைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தார். பிரிக்கவில்லை. "இது அக்காவோட வேலி" என்றார். இனி அது எண்ணிக்கையில் சேராதாம், ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானாம். நீங்கள் மிஸஸ் அப்போடாக்காவுக்குப் போட்டிருந்தால் நாற்காலி அவருடையது, உங்கள் பதில் வந்த அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுவாராம். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். உறையையும் பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். சின்ன வயதில் அப்பா உங்கள் பொம்மைக்கு மொட்டை அடித்ததை நீங்கள் இன்னும் மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பாவின் கப்பல் கதையில் அந்தச் சமையல்காரர் தப்பிக்க இன்னும் இருநூறு பக்கம் இருக்கிறது, அத்தை. கேட்பது எங்கள் உரிமை. பதில் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.